திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்: பிள்ளைகளோடு ஏலகிரி, ஜவ்வாது மலை நடை

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். அந்தக் கேள்வியால் அதிகப் பயன் இல்லை. பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும் தூரம், ஏழு வயதுப் பிள்ளையோடு போனால் காலைப்பொழுதையே எடுத்துக்கொள்ளும். கேட்க வேண்டியது, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை. அதற்கு விடை கிடைத்த பிறகுதான் எந்த மலை, எந்தப் பாதை என்று பேச வேண்டும்.

நார்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் இருக்கின்றன. அந்த நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கமும், 1868-இல் தொடங்கிய மலைநடைச் சங்கமும் ஊரெல்லாம் பரப்பிய விதிகள் அவை. எட்டாவது விதி சொல்வது இது: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. பனியும் குளிர்காற்றும் ஆளைக் கொல்லும் ஊரில் பிறந்த விதி. வேலூர்ப் பக்கம் நமக்குக் குளிரால் ஆபத்து இல்லை, வெயிலால்தான். ஆனாலும் அந்த ஒன்பதில் நமக்கு அப்படியே பொருந்துவது இந்த எட்டாவதுதான்.

கணக்கு எப்படிப் போடுவது? 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். இன்றைய அளவில், மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூடுதல். ஏலகிரியில் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்குப் போகும் பாதையை எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 3 கிலோமீட்டர். ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நடைக்கு 36 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், மொத்தம் 66 நிமிடம். இது நல்ல தெம்புள்ள பெரியவருக்கு, நிற்காமல் போனால். ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளையோடு போனால் இதை இரண்டால் பெருக்குங்கள்: இரண்டே கால் மணி நேரம். இறக்கத்துக்குப் பாதி நேரம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைகள் விஷயத்தில் அது தப்பு. சரளைக்கல் மேல் சின்னக் கால் வழுக்கும், பயத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார்கள். இறக்கத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். பத்தரை மணிக்கு மேல் அந்தப் பாறைகள் சுட ஆரம்பிக்கும். அதற்குள் கீழே இருக்க வேண்டும் என்றால் ஒன்பது மணிக்குத் திரும்பியாக வேண்டும். ஒன்பதுக்குத் திரும்ப வேண்டும் என்றால் ஆறரைக்கு முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். ஒன்பது மணி ஆகும்போது உச்சிக்கு இன்னும் இருநூறு அடிதான் பாக்கி என்றாலும் திரும்புவதுதான். "இதோ தெரியுதே, போயிட்டு வந்துடலாம்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதனால்தான் நேரத்தைக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி, நகலை வீட்டில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். போகும் பாதை, யார் யார் போகிறோம், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நான்கு வரி போதும். மேலே போனதும் சிக்னல் போய்விடும். போன் இருக்கிறதே என்று நம்பிக் கிளம்ப முடியாது. சிக்னல் தேடித் தேடியே பேட்டரியும் தீரும். ஃப்ளைட் மோடில் போட்டு வையுங்கள்.

மாலை நடையாக வைத்துக்கொண்டால் கணக்கு வேறு. நார்வேத் தலைநகர் ஓஸ்லோவில் ஜூன் மாதம் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். சூரியன் மறைந்த பிறகும் நெடுநேரம் பாதை தெரியும். நம்மிடம் நவம்பர் கடைசியில் சூரியன் ஐந்தே முக்காலுக்கு மறைகிறது, அடுத்த இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டு. மரத்தடிப் பாதையில் அதைவிடச் சீக்கிரம். நாலரை மணிக்கு மேல் பிள்ளைகளோடு மலையில் இருக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் போகலாம்? டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை நல்ல காலம். வடகிழக்கு மழை ஓய்ந்து ஓடையில் தண்ணீர் இருக்கும், பச்சை இருக்கும், காலையில் குளிர் இருக்கும். ஏலகிரி வேலூரைவிட 800 மீட்டருக்கு மேல் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்குப்படி ஐந்தாறு டிகிரி குறைவு. டிசம்பர் காலையில் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும், எட்டு மணிக்கு அதைக் கழற்றி வைக்கப் பையில் இடமும் வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறு ஒரு சிக்கல். வட ஆற்காட்டுப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மழை பெரும்பாலும் மாலை இடியோடு வரும். காலையெல்லாம் வெயில், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, சாயங்காலம் கொட்டும். அந்த மாதங்களில் போனால் மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இடிச் சத்தம் ஒரு தடவை காதில் விழுந்தாலே உச்சியையும் மொட்டைப் பாறையையும் விட்டு இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து மே வரை வேண்டாம். இங்கே இருப்பது இலையுதிர் காடு. மார்ச்சில் தரையெல்லாம் காய்ந்த சருகு, இடுப்பளவு காய்ந்த புல். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலை ஏறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். தீ மேட்டை நோக்கி ஓடும்போது மனிதரைவிட வேகமாக ஓடும் என்பதை அதற்குமுன் பலர் யோசித்ததில்லை. அதன்பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. தீக்காலத்தில் வனத்துறை தடங்களை மூடுவதும் வழக்கம். நார்வேயில்கூட ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டத் தடை உண்டு; அவ்வளவு ஈரமான நாட்டில் அப்படி. நம் காட்டில் எந்த மாதமும் அடுப்பு, தீப்பெட்டி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நார்வேயில் யாருடைய நிலமாக இருந்தாலும், பயிரும் வீடும் இல்லாத இடத்தில் நடந்து போக எல்லோருக்கும் உரிமை உண்டு; 1957-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியே குற்றம். யூடியூபில் யாரோ போனதைப் பார்த்துவிட்டு ஜவ்வாது மலைக்குள் இறங்காதீர்கள். வனத்துறை 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 தடங்களை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் கூடவே வழிகாட்டி வருவார். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் எளிதில் ஆரம்பியுங்கள். வயது வரம்பைப் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நடைக்கே சுவாமிமலை வேண்டாம் என்பது என் எண்ணம். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டரில் அமிர்தி இருக்கிறது. ஜவ்வாது மலையின் அடிவாரம், சின்ன விலங்குப் பூங்கா, உள்ளே அருவி வரைக்கும் நடை. நான்கு ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது போதும். மழை முடிந்த கையோடு போனால்தான் அருவியில் தண்ணீர், ஏப்ரலில் போனால் பாறைதான். ஏலகிரியில் புங்கனூர் ஏரிக்கரை இன்னும் எளிது. ஓஸ்லோ நகருக்குள்ளேயே ஒரு ஏரி 1992 முதல் இயற்கைக் காப்பகமாக இருக்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அதன் கரையில் நடப்பார்கள். மலைப் பழக்கம் அங்கே அப்படித்தான் தொடங்குகிறது, ஏரிக்கரையில், சமதளத்தில். அடுத்த கட்டமாகச் சோளிங்கர் பெரிய மலை. 1,305 படி. இப்போது ரோப் கார் வந்துவிட்டது, ஆனால் பழக்குவதற்குப் படிதான் நல்லது. அந்தப் படிகளை இரண்டு மூன்று இடத்தில் மட்டும் உட்கார்ந்து ஏறி, இறங்கிய பிறகும் விளையாடுகிற பிள்ளை சுவாமிமலைக்குத் தயார்.

ஜலகாம்பாறை அருவிக்கு ஏலகிரி நிலாவூரிலிருந்து நடந்து போகும் பாதையில் ஒரு பொறி இருக்கிறது. அது இறக்கத்தில் தொடங்குகிறது. காலையில் குதித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள், திரும்பும்போது ஏற்றம் முழுக்கத் தலைக்குமேல் வெயிலோடு காத்திருக்கும். குடும்பமாகப் போகிறவர்கள் திருப்பத்தூர்ப் பக்கமிருந்து சாலை வழியாகப் போய், அருவிக்குக் கொஞ்ச தூரம் நடப்பதே மேல். அருவியில் இன்னொன்று: மேலே மலையில் மழை பெய்தால் கீழே வானம் நீலமாக இருக்கும்போதே வெள்ளம் வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பையும் துணியையும் விட்டுவிட்டு, ஓடையைக் கடக்காமல், இருக்கிற கரையிலேயே மேட்டுக்கு ஏறுங்கள். மடுவில் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். பாசி படிந்த பாறையில் பெரியவர்களே நிற்க முடியாது.

ஏலகிரிக்குப் போகும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவு. பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுக்கும். வாந்தி எடுத்த பிள்ளை உடம்பில் தண்ணீர் குறைந்த நிலையில்தான் நடையைத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்கு "தலை வலிக்குது" என்றால் காரணம் மலை இல்லை, வளைவு. முந்தின நாளே ஏறித் தங்கிவிடுவது நல்லது. முடியாதென்றால் கிளம்பும் ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி மட்டும் கொடுங்கள். வண்டியில் போனைக் கையில் கொடுக்காதீர்கள், முன்னால் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே போனதும் அரை மணி நேரம் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துப் பிறகு நடங்கள்.

தண்ணீர்க் கணக்கு. பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர், பிள்ளைக்கு 300 முதல் 400 மில்லி. நான்கு மணி நேர நடைக்கு இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை என்றால் ஏழு லிட்டர் வரும். ஏழு கிலோ எடை அது. பலர் தோற்பது இங்கேதான்: இரண்டு லிட்டரோடு போய், மேலே சுனை இருக்கும் என்று நம்புவார்கள். சுனைத் தண்ணீரை மாடும் குரங்கும் குடிக்கின்றன. காய்ச்சாமல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. தாகம் எடுத்தால் கேட்பார்கள் என்று விடவும் கூடாது. விளையாட்டு மும்முரத்தில் கேட்க மாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் நின்று நாலு வாய் குடிக்க வேண்டும். பிள்ளை மூன்று மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றாலோ, அடர் மஞ்சளாகப் போனாலோ அன்றைய நடை முடிந்தது, நிழலில் உட்கார வைத்துவிட்டு மெல்ல இறங்குங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கொண்டுபோங்கள். ஒரு பெரிய பொட்டலம் சரியாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகி இன்னும் கெடுதல். குத்துமதிப்பாகப் பாதி கொட்டுவதும் சரியாக வராது. அதற்காகவே ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சமமாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது.

சாப்பாட்டில் ஆம்பூர் பிரியாணியைக் கட்டிக்கொண்டு போகும் ஆசை எல்லோருக்கும் வரும். இறங்கி வந்து சாப்பிடுங்கள். இறைச்சியும் சோறும் நான்கு மணி நேரம் வெயில் பையில் இருந்தால் கெட்டுவிடும், வயிறு நிறைந்த பிள்ளை நடக்கவும் மாட்டேன் என்னும். புளிசாதம் தாங்கும், புளிப்பு அதைக் காக்கும். கடலை மிட்டாய், பேரீச்சை, வெள்ளரிக்காய், ஆரஞ்சு. நார்வேக் குடும்பங்களும் ஆரஞ்சைத்தான் தூக்கிக்கொண்டு போகின்றன. தோலைப் போட்டால் மட்கிவிடும் என்று எறியாதீர்கள். மட்குவதற்கு முன் குரங்கு வரும். குரங்குக்குப் பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டாலே சாப்பாடுதான் நினைவு. பிள்ளை கையில் கவரோ பாட்டிலோ தொங்கக் கூடாது, எல்லாம் பைக்குள். குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

உடையில் நார்வே பாடத்தை அப்படியே எடுக்க முடியாது. அங்கே பருத்தி வேண்டாம், நனைந்தால் குளிர் ஏறும், உடம்பை ஒட்டி கம்பளிதான் என்பார்கள். நமக்குப் பருத்தி முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட். வெயிலுக்கு மட்டும் இல்லை. உண்ணிச்செடி முள்ளுக்கும் பூச்சிக்கும் அதுதான் காப்பு. அதேபோல் குழந்தையை முதுகில் தூக்கும் பை. அங்கே அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை விறைத்துவிடும் என்று அடிக்கடி கை கால் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே தலைகீழ்: தூக்குகிறவர் உடம்புச் சூடும் வெயிலும் சேர்ந்து குழந்தையைக் காய்ச்சிவிடும். கால் மணிக்கு ஒருமுறை பிடரியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இறக்கி, நிழலில் துணி தளர்த்தி, பாலோ தண்ணீரோ கொடுங்கள்.

செருப்பு வேண்டாம். ஷூவில் பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது நுனி விரல் போய் முட்டி நகம் கறுத்துவிடும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் நின்று எல்லோருக்கும் லேஸை அவிழ்த்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை, கொப்புளம் குறையும். போன வருடத்துப் பள்ளி ஷூவைப் பயன்படுத்துவதாக இருந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள். வரி தேய்ந்து வழவழப்பாக இருந்தால் சரளையில் அது சக்கரம். பிள்ளையின் பை அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ. சொந்தப் பை இல்லாத பிள்ளைதான் சீக்கிரம் சலித்துக்கொள்ளும். அதனால் கனமில்லாமல் ஏதாவது கொடுங்கள்.

பாதையில் மிக மெதுவான பிள்ளை முன்னால், பெரியவர் ஒருவர் கடைசியில். வேகமான பிள்ளையை முன்னால் விட்டால் முதல் அரை மணியில் ஓடித் தீர்த்துவிட்டு, மீதி நேரம் தூக்கச் சொல்லும். நார்வேயில் பாறைகளில் சிவப்பு எழுத்தில் 'டி' வரைந்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். இங்கே உங்களுக்கு வழி காட்டுவது ஒற்றையடிப் பாதை, அது ஆட்டுத் தடத்தோடு பிரிந்து பிரிந்து சேரும். ஓர் அடையாளம்: ஆள் நடக்கும் பாதையில் கிளைகள் தோள் உயரத்துக்கு ஒடிந்திருக்கும். இடுப்பளவுப் புதருக்கு அடியில் குனிந்து போகச் சொல்லும் பாதை ஆட்டுடையது, திரும்புங்கள். வழி கேட்கும்போது "இன்னும் எவ்வளவு தூரம்ணா?" என்றால் "இதோ பக்கத்துலதான்" என்பார், அவருக்கு அது பக்கம்தான். "இந்தப் பாப்பாவோட போனா எவ்ளோ நேரம்ணா ஆகும்?" என்று பிள்ளையைக் காட்டிக் கேளுங்கள். சரியான விடை வரும்.

ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் விசில். காணாமல் போனால் நடக்கக் கூடாது, பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று மூன்று மூன்றாக ஊத வேண்டும் என்று வீட்டிலேயே விளையாட்டுபோலப் பழக்குங்கள்.

பாறை முகட்டில் மலைத்தேனீயின் பெரிய அடை தொங்கினால் கீழே உட்கார வேண்டாம், சத்தம் வேண்டாம், அன்று சென்ட் போட்டிருக்கவும் வேண்டாம். தேனீக்கள் கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவதுதான் வழி, நின்று விசிறினால் இன்னும் வரும். பாம்பு கடித்தால் ரத்தம் ஓடாதபடி இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் பிணைத்து, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்கி 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, வேலூர்ப் பக்கத்து டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்தது, மலைக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாதது: ஸ்க்ரப் டைபஸ், நம் பேச்சில் உண்ணிக் காய்ச்சல். புதர்களிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில், அதாவது நாம் மலைக்குப் போகும் அதே மாதங்களில் அதிகம். புல்லில் நேராக உட்காராதீர்கள், ஒரு விரிப்பு போடுங்கள். வந்ததும் போட்டிருந்த துணியை வெந்நீரில் ஊறவைத்து, பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், இடுப்புப் பட்டை இடம் எல்லாம் பாருங்கள். கடித்த அன்று ஒன்றும் தெரியாது. ஒன்று, இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி வரும். சிலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். சரியான மருந்தை நேரத்தில் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். வெறும் காய்ச்சல் என்று விட்டால் நுரையீரல் வரை போகும். அதற்குள் மலைக்குப் போன நாளே மறந்திருக்கும். அந்தத் திரும்பும் நேரம் எழுதிய தாளில் தேதியையும் போட்டு, மூன்று வாரம் வரை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்ட அதையே எடுத்துப் போகலாம்.